மார்சேயில் மூன்று நாள்: படகுக்கு இப்போதே பணம் கட்டலாமா?

பாரிஸ்பிள்ளை:
வணக்கம். ஜூலை நடுப்பகுதியில் பாரிஸிலிருந்து மார்சேய் போகிறோம். நான், மனைவி, எட்டு வயது மகள், அம்மா. அம்மாவுக்கு முழங்கால் நோ. சமதரையில் நன்றாக நடப்பா, ஏற்ற இறக்கம்தான் பிரச்சினை. மரக்கறிச் சாப்பாடு.

சனி மதியம் போய் இறங்குவோம், செவ்வாய் பின்னேரம் திரும்புகிறோம். சனி: பழைய துறைமுகம், மலைமேல் மாதா கோவில். ஞாயிறு: கலாங்க் குடாக்களுக்குப் படகு. திங்கள்: அந்தக் குடாக்களில் ஒன்றான சுகித்தோன் வரை நடந்து போய்க் கடலில் குளிப்பது. படகு ஓடாவிட்டால் அந்த நடையை ஞாயிறுக்கு மாற்றலாம் என்று யோசனை. செவ்வாய்: மூசெம் அருங்காட்சியகம், அப்புறம் ரயில்.

காற்றடித்தால் படகு ஓடாது என்று வேலையிடத்தில் ஒருவர் பயமுறுத்துகிறார். ஜூலையில் என்ன காற்று?

கடற்காகம்:
இங்கேயே குடியிருப்பவள் என்ற முறையில் சொல்கிறேன் தம்பி. முதலில் செவ்வாயை மாற்றுங்கள். மூசெம் செவ்வாயில் பூட்டு.

காற்றுக்கு வருகிறேன். மிஸ்த்ரால் என்பது ரோன் நதிப் பள்ளத்தாக்கு வழியாக வடமேற்கிலிருந்து இறங்கும் காற்று. குளிர்காலத்தில்தான் உக்கிரம், ஆனால் கோடையிலும் விடாது. இதில் ஏமாற்று என்னவென்றால் அது மேகத்தைத் துடைத்துவிடும். வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும், கைபேசியில் முழுச் சூரியன் படம் தெரியும். சனம் தொப்பியும் துவாயுமாகத் துறைமுகத்துக்கு வந்தால் படகுக் கவுண்டரில் இன்று சேவை இல்லை என்ற அட்டை தொங்கும். ஆகவே வானிலையில் வெயிலைப் பார்க்காதீர்கள், காற்றின் வேகத்தைப் பாருங்கள். வெள்ளி இரவு பார்த்தால் ஞாயிறு, திங்கள், செவ்வாய் காலை ஆகிய மூன்றில் எது கடலுக்கு உகந்தது என்று ஓரளவு தெரிந்துவிடும். அதன் பிறகு பணம் கட்டுங்கள்.

படகு இல்லாவிட்டால் நடை என்ற கணக்கும் சரிவராது. காற்று கூடினால் காட்டுத்தீ அபாயமும் கூடும். ஜூன் 1 முதல் செப்டம்பர் 30 வரை கலாங்க் பகுதிக்குள் நடந்து போகலாமா என்பதை நாளுக்கு நாள் முடிவு செய்கிறார்கள். மறுநாளுக்கான வரைபடம் முதல் நாள் மாலை வெளிவரும், சிவப்பு என்றால் உள்ளே விடமாட்டார்கள். படகு நிற்கும் நாளில் பெரும்பாலும் பாதையும் மூடியிருக்கும்.

அதோடு சுகித்தோனுக்குக் கோடையில் முன்பதிவு வேண்டும். இலவசம்தான், ஆனால் நாளுக்கு 400 பேர். 2022 முதல் இந்த நடைமுறை. போகும்போது இறக்கம், குளித்துக் களைத்துத் திரும்பும்போது முழுக்க ஏற்றம், வழியில் தண்ணீர்க் குழாய் கிடையாது. அம்மாவோடு வேண்டவே வேண்டாம்.

தண்டவாளம்:
கலாங்க் பார்க்க வேண்டும், நடக்க முடியாது என்றால் பக்கத்து ஊரான கசீஸ் போங்கள். மார்சேயின் சென் ஷார்ல் நிலையத்திலிருந்து ரயிலில் அரை மணி நேரம்கூட ஆகாது. கசீஸ் நிலையம் துறைமுகத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, பஸ் பிடிக்க வேண்டும். துறைமுகத்தில் சின்னப் படகுகள் நிற்கும். மூன்று குடாக்களைச் சுற்றிக்காட்ட முக்கால் மணி நேரம். பெரிய படகில் மூன்று மணி நேரம் உட்காருவதைவிட அம்மாவுக்கு இது சுகம்.

சென் ஷார்லில் இறங்கியதும் எல்லோரும் படமெடுக்கும் அந்தப் பெரிய படிக்கட்டுப் பக்கம் பெட்டியோடு போகாதீர்கள். 104 படிகள். நிலையத்துக்குள்ளேயே மெத்ரோ ஒன்றாம் தடம் இருக்கிறது, இரண்டாவது நிறுத்தம் பழைய துறைமுகம்.

கடற்காகம்:
கசீஸ் நல்ல யோசனை, ஆனால் ஞாயிறு வேண்டாம். ஜூலை ஞாயிறில் கால் வைக்க இடமிருக்காது. திங்கள் போங்கள்.

மாதா கோவிலுக்குத் துறைமுகத்திலிருந்து 60ஆம் இலக்க பஸ் மேலே ஏறும். இறங்கிய பிறகும் கொஞ்சம் படி உண்டு. உள்ளே அண்ணாந்து பாருங்கள், கடலிலிருந்து உயிர் தப்பியவர்கள் நேர்ந்துவிட்ட சின்னச் சின்னக் கப்பல்கள் கூரையிலிருந்து கயிற்றில் தொங்கும். மகளுக்குப் பிடிக்கும். வெளிச்சுவரில் ஜெர்மானியரிடமிருந்து நகரை மீட்ட 1944 சண்டையின் குண்டுத் தழும்புகளும் இருக்கின்றன.

பாரிஸ்பிள்ளை:
நன்றி அக்கா, நன்றி தண்டவாளம். அப்படியானால் ஞாயிறு மூசெம், திங்கள் கசீஸ், திங்கள் காற்றென்றால் செவ்வாய் காலை கசீஸ். சுகித்தோனை விட்டுவிடுகிறோம். இரண்டு நாளும் காற்றென்றால்? அம்மா என்ன சாப்பிடுவா?

தண்டவாளம்:
பனீஸ் கேளுங்கள். கடலை மாவைத் தண்ணீரில் கிண்டி, ஆறவைத்து, வட்டமாக வெட்டிப் பொரிப்பது. சூடாகத் தின்ன வேண்டும், ஆறினால் ரப்பர். மீன் பொரித்த எண்ணெயிலேயே போடுவார்களா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். நகரின் வடக்கு ஓரத்துக் கடற்கரைப் பகுதியான எஸ்தாக் பக்கம்தான் இதற்குப் பெயர் பெற்றது. கோடையில் பழைய துறைமுகத்திலிருந்து நகரப் போக்குவரத்துப் படகே அங்கே ஓடும். சுற்றுலாப் படகு எடுக்காமலே கடலில் போன மாதிரியும் ஆச்சு. காற்றடித்தால் இதுவும் நிற்கும்.

கடற்காகம்:
திங்கள் காற்றென்றால் மூசெம் பக்கத்துச் சென் ஜான் கோட்டையை வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே நுழைய இலவசம். பனியே என்ற பழைய குடியிருப்பின் தெருக்களும் பக்கத்தில்தான், ஆனால் அங்கே மேடு இருக்கிறது, அம்மாவைக் கீழே ஒரு கஃபேயில் இருத்திவிட்டுப் போங்கள்.

மகள் குளிக்கக் கத்தலான் கடற்கரை போதும், மணல், துறைமுகத்திலிருந்து 83ஆம் பஸ். மிஸ்த்ரால் அடித்து முடிந்த மறுநாள் மட்டும் அவசரப்பட்டு இறக்கிவிடாதீர்கள். காற்று மேல்நீரைத் தள்ளிக்கொண்டு போய்விடும், அடியிலிருந்து குளிர்நீர் மேலே வரும். வெயில் கொளுத்தும்போதே தண்ணீர் பல பாகை குறைந்து பல் கிட்டும். முதலில் நீங்கள் இறங்கிப் பாருங்கள் தம்பி.