கல்யாண வீடியோ வேலைக்கு முழுநேரமாக வரலாமா? ட்ரோன் வாங்கும் முன் ஒரு கேள்வி

திண்டுக்கல் தம்பி:
வயது 26, மில் ஆபீஸில் வேலை. பழைய சோனி ஏ6400 கேமரா ஒன்றை வைத்துக்கொண்டு சொந்தக்காரர் கல்யாணம் மூன்று எடுத்திருக்கிறேன். ஆவணியில் வெளி ஆர்டர் இரண்டு வந்திருக்கிறது. கையில் 90 ஆயிரம் இருக்கிறது. ட்ரோனும், கேமரா ஆடாமல் பிடிக்கும் கிம்பலும் வாங்கலாம் என்று யோசனை. சடங்கு முழுவதையும் எடுக்கும் டிரெடிஷனல் வீடியோவை விட்டுவிட்டு, சுருக்கமான டீசர், ஹைலைட்ஸ் மட்டும் செய்தால் போதுமா? போன கல்யாணத்தில் கெட்டிமேளம் வந்ததும் சத்தம் கரகரவென்று உடைந்துவிட்டது. தாலி கட்டும் நேரத்தில் பெண்ணின் பெரியப்பா முதுகுதான் ஃபிரேம் முழுக்க. இன்னும் அந்த வீட்டில் யாரையும் நேராகப் பார்க்க முடியவில்லை.

பழைய லைட்பாய்:
தம்பி, 1993-ல் ஹாலஜன் லைட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இந்தத் தொழிலுக்கு வந்தவன் நான். சூட்டில் மணப்பெண் கண்ணைத் திறக்க மாட்டார், வயரில் தடுக்கி யாராவது விழுவார்கள். அதனால் முதுகுக்கெல்லாம் வருத்தப்படாதே.

ட்ரோன் இப்போது வேண்டாம். உன் கேமராவில் கார்டு போட ஒரே ஒரு இடம்தான். கார்டு போனால் கல்யாணமே போச்சு, மறுபடி தாலி கட்டச் சொல்ல முடியாது. இரண்டு கார்டு போடும் கேமரா பாடிக்கு மாறு, செகண்ட்ஹேண்ட் போதும். மண்டபத்து லைட் வீடியோவில் துடித்தால் நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 50-ல் ஒன்று என்று வைத்துப் பார். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதற்கு இது ஒத்துப்போகும்.

சத்தத்துக்கு, கேமரா தானாகவே ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஆட்டோ கெயினை அணைத்துவிடு. முகூர்த்தத்துக்கு முன்பே தவில்காரரிடம் போய், "அண்ணே, கெட்டிமேளம் ஒரு தட்டு தட்டுங்க" என்று கேட்டு ஒலி லெவல் வை. வெற்றிலை பாக்கு கொடுத்துக் கேட்டால் மறுக்க மாட்டார். ஐயரிடமும், தாலியை எடுத்ததும் ஒரு கண் காட்டச் சொல்லி வை.

டிரெடிஷனலை விடாதே. முக்கியமாக மேடையில் மொய்க் கவர் கொடுக்க வரும் வரிசை. இன்றைய பையன்கள் அந்த நேரத்தில்தான் சாப்பிடப் போகிறார்கள். போன வருடம் ஒரு அம்மா 1996-ல் நான் எடுத்த விஎச்எஸ் கேசட்டைக் கொண்டுவந்தார். டேப்பில் வெள்ளையாகப் பூஞ்சை. சுத்தம் செய்து ஓட்ட இரண்டு நாள் ஆயிற்று. கல்யாணம் அவருடையது இல்லை, சித்தி மகளுடையது. அவருக்கு வேண்டியது இருபது நொடி. அவர் அப்பா மேடை ஏறுகிறார், சட்டைப் பையில் கவரைத் தேடுகிறார், மாப்பிள்ளை கையில் கொடுக்கிறார், கேமரா எடுத்ததா என்று என்னைத் திரும்பிப் பார்க்கிறார். அவ்வளவுதான். "அப்பா நடக்கிறது இதில் மட்டும்தான் இருக்கு" என்றார். நான் அந்தக் கல்யாணத்துக்குப் பெரிதாக எடிட் செய்து, இதய வடிவத்துக்குள் இரண்டு பேரையும் வைத்திருந்தேன். அதை ஓட்டித் தள்ளச் சொல்லிவிட்டார்.

எடிட்டிங் அக்கா:
அண்ணன் விட்டதை நான் சொல்கிறேன். 4கே-யில் பதிவு வேகத்தை 100 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு 100 மெகாபிட் என்று வைத்தால் மணிக்கு 45 ஜிபி. ஒரே கல்யாணத்தை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் போட்டு, இரண்டையும் வேறு வேறு வீட்டில் வை. ஒரிஜினலை எத்தனை மாதம் வைத்திருப்பாய் என்று கொட்டேஷனிலேயே எழுது, இல்லாவிட்டால் ஐந்து வருடம் கழித்துக் கேட்பார்கள். மீதிப் பணம் வராமல் பென்டிரைவைக் கொடுக்காதே. "நம்ம வீட்டுப் பிள்ளை" என்று சொல்பவர்களிடம்தான் எனக்குப் பாக்கி அதிகம் நிற்கிறது. அப்புறம், மண்டபத்தில் சினிமாப் பாட்டு போடுவது வேறு, அதே பாட்டை டீசரில் சேர்த்து யூடியூபில் ஏற்றுவது வேறு. பாட்டின் உரிமைக்காரரிடமிருந்து க்ளெய்ம் வரும்.

திண்டுக்கல் தம்பி:
நன்றி அண்ணே, அக்கா. ட்ரோனை விட்டுவிட்டேன். ஆனால் பெரியப்பா பிரச்சினைக்கு வழி சொல்லவில்லையே. எல்லா வீட்டிலும் ஒருவர் இருக்கிறாரே?

பழைய லைட்பாய்:
இருப்பார். நல்ல நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் அட்சதைத் தட்டை அவர் கையில் கொடுத்து, "கடைசி வரிசை வரைக்கும் நீங்கதான் பார்த்துக் கொடுக்கணும்" என்று அனுப்பிவிடு.