விந்தணுவின் திறனேற்றம்: பைகார்பனேட்டின் தூண்டல் எபிடிடிமிஸிலேயே ஏன் தொடங்குவதில்லை?

கேள்வி: நுண்ணோக்கி

அனைவருக்கும் வணக்கம். முதுகலையில் இனப்பெருக்க உடலியங்கியல் படித்து வருகிறேன். முதிர்ந்த விந்தணுவின் டிஎன்ஏ புரோட்டமின்கள் என்ற சிறு புரதங்களால் இறுகச் சுற்றப்பட்டிருப்பதால் அதில் மரபணுக்கள் படியெடுக்கப்படுவதில்லை என்றும், புதிய புரதமும் ஏறத்தாழ உருவாவதில்லை என்றும் அறிகிறேன். ஆயினும் பெண்ணின் இனப்பெருக்கப் பாதையில் சில மணி நேரம் இருந்த பிறகுதான் விந்தணு கருவுறச் செய்யும் தகுதியைப் பெறுகிறது (இதுவே திறனேற்றம்) என்பதை 1951-இல் சாங், ஆஸ்டின் இருவரும் தனித்தனியே காட்டியுள்ளனர். புதிய புரதமே இல்லாமல் இத்தனை மாற்றம் எவ்வாறு நிகழ்கிறது? பைகார்பனேட்டே இதைத் தூண்டுகிறது என்றால், உடல் திரவங்கள் எல்லாவற்றிலும் இருக்கும் அது, விந்தணு முதிர்ந்து சேமிக்கப்படும் குழாயான எபிடிடிமிஸிலேயே ஏன் வேலையைத் தொடங்கிவிடுவதில்லை? டைரோசின் பாஸ்பரிலேஷனை (புரதங்களின் டைரோசின் அமினோ அமிலத்தில் பாஸ்பேட் ஏறுவதை) மட்டும் அளந்து திறனேற்றம் முடிந்தது எனச் சொல்லலாமா என்பதையும் விளக்கினால் நன்றியுடையவளாவேன்.

பதில்: ஆய்வகத்தார்

வணக்கம். உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குவதே நல்லது. முதல் கேள்விக்கான விடையும் அதனுள் இருக்கிறது.

எபிடிடிமிஸின் வால்பகுதித் திரவம் சற்றே அமிலத்தன்மை கொண்டது. அதில் பைகார்பனேட் சில மில்லிமோலார் அளவே இருக்கும். அங்கே குழாய்ச் சுவரில் உள்ள தெளிசெல்கள் இடைவிடாமல் புரோட்டான்களை வெளியேற்றி அந்த நிலையைக் காக்கின்றன. விந்தணு பெண்ணின் பாதையை அடையும்போது பைகார்பனேட் சுமார் 25 மில்லிமோலாராக உயர்கிறது. அது விந்தணுவுக்குள் புகுந்து, வெளிச்செய்தியை வழக்கமாக உள்ளே கடத்தும் ஜி புரதம் எதன் உதவியும் இன்றி, கரையும் அடினைலைல் சைக்ளேஸ் என்ற நொதியை நேரடியாகத் தூண்டுகிறது. கால்சியமும் துணை நிற்கிறது. சைக்ளிக் ஏஎம்பி என்ற செய்தி மூலக்கூறு பெருகுகிறது, புரதங்களில் பாஸ்பேட்டை ஏற்றும் நொதியான புரோட்டீன் கைனேஸ் ஏ விழித்தெழுகிறது, சற்று நேரத்திலேயே வாலின் அசைவு விரைவடைகிறது. இங்கே புதிதாக எதுவும் தயாரிக்கப்படவில்லை. விந்தகத்திலும் எபிடிடிமிஸிலும் முன்பே பொருத்தப்பட்ட புரதங்களின் மீது பாஸ்பேட் ஏறுவதும் இறங்குவதும், அயனிகள் சவ்வைக் கடப்பதுமே முழுக் கதையும். தெளிசெல்கள் சூழலின் பைகார்பனேட்டை உணர்ந்து தம் புரோட்டான் சுரப்பை மாற்றிக்கொள்வதற்கும் இதே நொதியைத்தான் பயன்படுத்துகின்றன என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கும்.

எபிடிடிமிஸை வெறும் சேமிப்பிடமாக நினைத்துவிட வேண்டாம். அதன் தலைப்பகுதியில் உள்ள விந்தணுக்களில் பிபி1காமா2 என்ற பாஸ்படேஸ் (பாஸ்பேட்டை நீக்கும் நொதி) மும்முரமாக இயங்கி அசைவை அடக்கி வைக்கிறது. வால்பகுதியை நோக்கி வர வர அதன் செயல்பாடு குறைகிறது. ஆகவே தடை தளர்வது ஆணின் உடலிலேயே தொடங்கிவிடுகிறது. முடுக்கம் மட்டுமே பெண்ணின் உடலுக்காகக் காத்திருக்கிறது.

இதனோடு மெதுவான இன்னொரு வேலையும் நடக்கிறது. சுற்றியுள்ள அல்புமின் விந்தணுச் சவ்விலிருந்து கொலஸ்டிராலை உறிஞ்சிக்கொள்வதால் சவ்வு இளகி, தலைமுனைப் பையிலுள்ள நொதிகளை வெளியிடும் அக்ரோசோம் வினைக்கு ஆயத்தமாகிறது. ஆய்வகத்தில் விந்தணுவை வளர்க்கும் ஊடகத்தில் பைகார்பனேட்டும் அல்புமினும் சேர்க்கப்படுவதும், அதை 5 சதவீத கார்பன் டை ஆக்சைடு உள்ள இன்குபேட்டரில் வைப்பதும் இதற்காகவே. அமிலத்தன்மையைக் காட்டும் நிறங்காட்டியான ஃபீனால் ரெட் கலந்த ஊடகத்தை மேசைமேல் திறந்து வைத்தால் வாயு வெளியேறி, செம்மஞ்சள் நிறம் ஊதாச் சிவப்பை நோக்கி மாறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அந்தத் தட்டில் செய்த சோதனையை நம்புவதற்கில்லை.

பதில்: கேட்ஸ்பெர் வாசகர்

மேலே சொன்னது சரியே. மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். புரதங்களைப் பட்டைகளாகப் பிரித்துக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில் டைரோசின் பாஸ்பரிலேஷனைக் குறிக்கும் பட்டைகள் கருமையாகத் தெரிந்தால் திறனேற்றம் முடிந்தது என எழுதிவிடும் பழக்கம் பரவலாக உள்ளது. அது போதாது என்பது என் உறுதியான கருத்து. எலி விந்தணுவில் அந்தப் பட்டைகளுக்குக் காரணமான கைனேஸ் ஃபெர் என்பதாகும். ஃபெர் செயலிழந்த எலிகளின் விந்தணுக்களில் திறனேற்றத்தின்போது வழக்கமாகக் கருமையாகும் பட்டைகள் அவ்வாறு ஆவதில்லை. ஆயினும் அந்த ஆண் எலிகளுக்குக் குட்டிகள் பிறக்கின்றன. சோதனைக்குழாயில் மட்டுமே அவற்றின் கருவுறச் செய்யும் திறன் குறைகிறது. எனவே பட்டைகளோடு மிகையசைவையும் (வால் பெரும் வீச்சுடன் வலுவாக அடிப்பது), கால்சியம் உயர்வையும், அக்ரோசோம் வினையையும் சேர்த்தே பாருங்கள்.

மிகையசைவுக்கு வேண்டிய கால்சியம், 2001-இல் கண்டறியப்பட்ட கேட்ஸ்பெர் என்ற கால்சியம் வாயில் வழியாக நுழைகிறது. இந்த வாயில்கள் வாலின் நீளவாக்கில் நான்கு வரிசைகளாக அமைந்துள்ளன. செல்லின் உட்புறம் காரத்தன்மை அடையும்போது அவை திறக்கின்றன. எலியையும் மனிதரையும் இங்கே குழப்பிக்கொள்ளக் கூடாது. கருமுட்டையைச் சூழ்ந்த செல்கள் சுரக்கும் புரோஜெஸ்டிரோன், மனித விந்தணுவில் நானோமோலார் அளவிலேயே கேட்ஸ்பெரைத் திறந்துவிடும் என 2011-இல் இரு குழுக்கள் காட்டின. எலியின் கேட்ஸ்பெர் புரோஜெஸ்டிரோனுக்கு அவ்வாறு திறப்பதில்லை.

நுண்ணோக்கி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அப்படியானால் எண்ணிக்கை, வடிவம், அசைவு ஆகிய மூன்றும் இயல்பாக இருக்கும் விந்துப் பரிசோதனை அறிக்கை இந்தப் படிநிலைகளைப் பற்றி எதுவும் சொல்லாது அல்லவா?

பதில்: ஆய்வகத்தார்

சொல்லாது. கேட்ஸ்பெர் செயல்படாத ஆண்கள் சிலரின் அறிக்கை முற்றிலும் இயல்பாகவே இருந்திருக்கிறது; ஆயினும் அவர்களின் விந்தணுக்களால் மிகையசைவைப் பெற முடியாததால், கருமுட்டையின் உறையைக் கடக்க முடியவில்லை. இத்தகையோருக்கு விந்தணுவை ஊசி மூலம் நேரடியாகக் கருமுட்டைக்குள் செலுத்தும் இக்ஸி முறை பயன்படுகிறது. அது திறனேற்றத்தையே தாண்டிச் சென்றுவிடுகிறது. எதிர்த்திசையில், கரையும் அடினைலைல் சைக்ளேஸைத் தற்காலிகமாகத் தடுக்கும் மருந்து ஒன்றை ஆண் எலிகளுக்கு ஒரே ஒரு முறை கொடுத்தபோது விந்தணுக்கள் சில மணி நேரம் அசைவற்றுப் போய், மறுநாளுக்குள் இயல்புக்குத் திரும்பியதாக 2023-இல் வெளியான ஆய்வு காட்டுகிறது. உங்கள் கருத்தரங்குக்கு இந்த நொதியையே மையமாக எடுத்துக்கொள்ளலாம்.