மகளின் அறைக்குக் காற்றுச் சுத்திகரிப்பான்: எதைப் பார்த்து வாங்குவது?

திருமலைத் தாய்:

வணக்கம். திருகோணமலை நகரில், பேருந்துகள் ஓயாமல் போகும் வீதியொன்றை ஒட்டி எங்கள் வீடு இருக்கிறது. ஏழு வயதான மகளுக்குத் தொய்வு (ஆஸ்துமா) உண்டு. கச்சான் காற்றில் புழுதி எழும் ஆனி, ஆடி மாதங்களிலும், வாடைக்காற்றோடு வானம் மங்கிப்போகும் மார்கழியிலும் இரவில் அவளுக்கு முட்டு எடுக்கிறது. காற்று மாசடைந்ததால் 2022 டிசம்பர் 9ஆம் திகதி நாடு முழுவதும் பாடசாலைகளை மூடினார்களே, அந்த வாரத்தில்தான் அவளை முதன்முதலாக நெபுலைசருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

கடையில் இரண்டு கருவிகளைக் காட்டினார்கள். ஒன்றில் வடிகட்டியே இல்லை. அது அயனிகளை வெளியிட்டுத் தூசியை விழுத்திவிடும், பிறகு செலவே வராது என்கிறார் கடைக்காரர். மற்றதில் மிக நுண்ணிய தூசியையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி இருப்பதாகவும், 500 சதுர அடிக்குப் போதும் எனவும் பெட்டியில் அச்சிட்டிருக்கிறது. எங்களுடையது ஓட்டு வீடு. மகளின் அறைக்குச் சீலிங் அடிக்கவில்லை. யன்னலுக்கு மேலே காற்றுத்துவாரமும் உண்டு. நுளம்புத் தொல்லையால் இரவில் நுளம்புத்திரி கொளுத்தி வைத்துத்தான் படுக்கிறோம். இவற்றில் எதை வாங்கலாம்?

உவர்மலைவாசி:

தங்கை, கருவியைத் தெரிவு செய்வதற்கு முன் அறையைத் தெரிவு செய்யுங்கள். சீலிங் இல்லாத ஓட்டறையில் எவ்வளவு விலையுயர்ந்த இயந்திரத்தை வைத்தாலும், அது சுத்தம் செய்த காற்று ஓட்டிடுக்கால் வெளியேற, வீதிப் புகை காற்றுத்துவாரத்தால் உள்ளே வந்துகொண்டேயிருக்கும். நம்மூர் வீடுகள் காற்றோடுவதற்கென்றே கட்டப்பட்டவை. இந்தக் கருவியோ மூடிய அறைக்கென்று செய்யப்பட்டது. ஆகவே சீலிங் அடித்த, யன்னல் இறுக்கமாக மூடக்கூடிய ஓர் அறை வீட்டில் இருந்தால் மகளின் படுக்கையை அங்கே மாற்றுங்கள்.

அடுத்து, அந்த நுளம்புத்திரியை இன்றிரவே நிறுத்துங்கள். ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளியாகும் நுண்துகள்களின் அளவு 75 முதல் 137 வரையான சிகரெட்டுகளின் புகைக்குச் சமம் என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதை எரியவிட்டுக்கொண்டு பக்கத்தில் சுத்திகரிப்பானை ஓடவிடுவது, ஓட்டை வாளியில் தண்ணீர் அள்ளுவதைப் போன்றது. நுளம்புவலை போதும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். பெட்டியில் போட்டிருக்கும் சதுர அடியை மறந்துவிட்டு, சி.ஏ.டி.ஆர். என்ற எண்ணைத் தேடுங்கள். கருவி ஒரு மணி நேரத்தில் எத்தனை கன மீற்றர் சுத்தமான காற்றைத் தருகிறது என்பதை அது சொல்லும். தொய்வுள்ள பிள்ளையின் அறைக் காற்று மணிக்கு ஐந்து முறையாவது வடிகட்டப்பட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம் கொண்ட அறையின் கொள்ளளவு 1,200 கன அடி, அதாவது ஏறக்குறைய 34 கன மீற்றர்; ஐந்தால் பெருக்கினால் மணிக்கு 170 கன மீற்றர் வருகிறது. பெட்டியில் 500 சதுர அடி என்று போடுபவர்கள் பல வேளைகளில் மணிக்கு ஒன்றிரண்டு முறை காற்று மாறினாலே போதும் என்று கணக்கிட்டிருப்பார்கள். அத்துடன், அச்சிட்ட எண் உச்ச வேகத்துக்குரியது. அந்த இரைச்சலில் எந்தப் பிள்ளையும் தூங்காது என்பதால், சி.ஏ.டி.ஆர். 250க்கு மேற்பட்ட கருவியொன்றை வாங்கி நடுத்தர வேகத்தில் ஓடவிடுவதே நல்லது.

வடிகட்டியில் எச்13 என்ற தரம் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அத்தரத்து வடிகட்டி, பிடிப்பதற்கு மிகக் கடினமான அளவுடைய துகள்களிலும் 99.95 சதவீதத்தைத் தடுக்கும். "ஹெப்பா போன்றது" என்று எழுதியிருந்தால் கீழே வைத்துவிடுங்கள். அயனிக் கருவியை நான் வாங்கமாட்டேன். அது விழுத்தும் தூசி சுவரிலும் படுக்கையிலும் படிந்து, பெருக்கும்போது மறுபடி எழும். மேலும் அவ்வகைக் கருவிகளில் சில ஓசோனை உண்டாக்குகின்றன. ஓசோன் மூச்சுக்குழாயை உறுத்தும் வாயு, தொய்வுள்ளவர்களுக்கு அது ஆகாது.

தம்பலகாமத்தான்:

அண்ணன் சொன்னவற்றோடு எனது இரண்டு பட்டறிவுகளையும் சேர்க்கிறேன். அறுவடை முடிந்து வைக்கோல் எரிக்கும் நாட்களுக்கென்று கனடாவிலிருக்கும் மைத்துனர் ஒரு கருவி அனுப்பினார். அங்கே வீட்டு மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230 வோல்ட் என்பதை யோசிக்காமல் செருகியதில், அது ஒரு நிமிடம்கூட ஓடவில்லை. பின்னர் இங்கே வாங்கிய கருவியின் ஹெப்பா வடிகட்டியை, அழுக்கேறிவிட்டதே என்று குழாயடியில் கழுவிக் கெடுத்தவனும் நான்தான். முன்வலையை மட்டுமே கழுவலாம்; உள்வடிகட்டியை ஆறு முதல் பன்னிரண்டு மாதங்களுக்கு ஒருமுறை மாற்றத்தான் வேண்டும். ஆகவே மாற்று வடிகட்டி இலங்கையில் கிடைக்குமா, என்ன விலை என்று கேட்டறிந்த பிறகே பணத்தைக் கொடுங்கள். 40 வாற்று கருவி இரவில் பத்து மணி நேரம் ஓடினால் மாதம் 12 அலகு ஆகும். பாவிக்கும் அலகு கூடக்கூட நமது மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது என்பதால் அதையும் கணக்கில் எடுங்கள்.

வார்டுத் தாதி:

ஒரு விடயம் விடுபட்டுவிட்டது. கடற்கரை ஊரின் ஈரப்பதனில் மெத்தையிலும் தலையணையிலும் தூசிப்பூச்சிகள் நன்றாகப் பெருகும். அவற்றின் எச்சங்கள் கனமானவை, விரைவிலேயே கீழே படிந்துவிடும். கருவி அவற்றை இழுப்பதற்குள் பிள்ளை புரண்டு படுத்து மூக்கருகில் கிளப்பிவிடும். வாரம் ஒருமுறை விரிப்புகளை 60 பாகைச் சுடுநீரில் துவையுங்கள். கருவி வந்துவிட்டதென்று மருத்துவர் தந்த இன்ஹேலரை நீங்களாகக் குறைக்காதீர்கள்.

சில கருவிகளில் பி.எம். 2.5, அதாவது காற்றிலுள்ள மிக நுண்ணிய துகள்களின் அளவைக் காட்டும் திரை உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த வழிகாட்டலின்படி 24 மணி நேரச் சராசரி கன மீற்றருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டலாகாது. ஆனால் மாரிகாலத்தில் அந்தத் திரை திடீரென்று உயர்ந்தால் பதறவேண்டாம். ஈரக்காற்றில் இந்த மலிவான உணரிகள் கூட்டித்தான் காட்டும்.

திருமலைத் தாய்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று மறுபடி கடைக்குப் போய் அந்த 500 சதுர அடிப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் சின்ன எழுத்தில் மணிக்கு 120 கன மீற்றர் என்று இருந்தது. சீலிங் உள்ள ஒரே அறை அப்பம்மாவுடையது. 12க்கு 10, உயரம் 9 அடி. அதற்கே 153 தேவைப்படுகிறது என்பதால் இரண்டையும் விட்டுவிட்டு வந்தேன். பெரிய கருவியொன்றை வரவழைத்துத் தருவதாகக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். நுளம்புவலை கட்டியாயிற்று. அறையை மாற்றிக்கொள்ள அப்பம்மா உடனே சம்மதித்தார்; வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியை விறாந்தையோடு நிறுத்தத்தான் இன்னும் சம்மதிக்கவில்லை.