இளநரைக்கு ஆயுர்வேதம் பார்த்தவர்கள் வாங்க, அவரவர் கதையைச் சொல்லுங்க

முதலில் என் கதை. எனக்கு 19 வயதில் காதுக்கு மேலே ஒரு வெள்ளை முடி. பிடுங்கிப் போட்டேன். 22 வயதில் பிடுங்கி மாளவில்லை. எதிரே பேசுகிறவர்களின் கண் முதலில் என் உச்சந்தலைக்குப் போய்விட்டுத்தான் முகத்துக்கு இறங்கும். "பித்த நரைப்பா, எண்ணெய் தேய்ச்சுக் குளி" என்று சொல்லாத ஆள் இல்லை.

சரி என்று நானே வைத்தியர் ஆனேன். நீலிபிருங்காதி தைலம் வாங்கினேன். அவுரி (நீலச் சாயம் எடுக்கிற செடி), கரிசலாங்கண்ணி, நெல்லிச்சாறு, தேங்காய்ப்பால் எல்லாம் சேர்த்துக் காய்ச்சுவது. கூடவே நெல்லிப்பொடியை இரும்புச் சட்டியில் இரவெல்லாம் ஊறவைத்து, காலையில் மைபோல் கறுத்த விழுதைத் தலையில் பூசுவேன். இரண்டே மாதத்தில் நரை மங்கியது. தலையணை உறையும்தான் மங்கியது, அதை யார் கணக்கில் எடுத்தார்கள்! வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

அப்புறம் ஒரு நாள் ஜன்னல் வெளிச்சத்தில் ஒற்றை முடியைப் பிடித்துப் பார்த்தேன். நுனியெல்லாம் பழுப்புக் கறுப்பு. அடியில் ஒரு சென்டிமீட்டருக்குப் பளிச்சென்று வெள்ளை. பூசுவதை நிறுத்தி ஒரு மாதம் ஆகியிருந்தது; முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். கணக்குச் சரியாக வந்தது. நெல்லியின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுக்கும், அந்தக் காலத்து எழுதும் மையே அப்படித்தான் செய்தார்கள். நான் மருந்து என்று நினைத்துப் பூசியது சாயம். மயிர்க்காலுக்கு ஒன்றும் நடக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் முறையாகப் படித்த ஆயுர்வேத வைத்தியரிடம் போனேன். அவர் என் முடியைத் தொடவே இல்லை. தூக்கம் எப்படி, இரவு வேலையா, கோபம் வருமா, உப்பு தூக்கலாகச் சாப்பிடுகிறீர்களா என்று முக்கால் மணி நேரம் கேள்வி. "உப்புக்கும் நரைக்கும் என்னங்கய்யா?" என்றேன். உப்பை அளவுக்கு மீறிப் பழகினவனுக்கு வழுக்கை, நரை, சுருக்கம் எல்லாம் காலத்துக்கு முன்னால் வரும் என்று ஆயுர்வேத மூல நூல் தந்த சரகர் எழுதியிருக்கிறாராம். கோபம், துக்கம், அலுப்பு மூன்றாலும் கிளம்பும் சூடு பித்தத்தோடு தலைக்கு ஏறி மயிரை வேகவைக்கிறது என்பது இன்னொரு மூல நூலில் சுஸ்ருதர் சொன்னது. 'வேகவைக்கிறது' என்ற சொல்லைக் கேட்டதும் என்னையறியாமல் தலையைத் தடவிக்கொண்டேன்.

அடுத்து நாக்கை நீட்டச் சொன்னார். கால் மரத்துப்போகுமா என்றார். போகும், ஒரு வருடமாகவே. உடனே பேனாவை எடுத்து, "எண்ணெயை அப்புறம் பார்க்கலாம். முதல்ல பி12, தைராய்டு, இரும்புச்சத்து பார்த்துட்டு வாங்க" என்று எழுதிக் கொடுத்தார். ஆயுர்வேதம் பார்க்க வந்தவனை ரத்தம் கொடுக்க அனுப்புகிறாரே என்று எரிச்சலோடுதான் போனேன். பி12 ரொம்பக் குறைவு. நான் பிறவிச் சைவம், அப்படிச் சாப்பிடுகிறவர்களுக்கு இது குறைவது சகஜமாம். ஆங்கில மருத்துவரிடம் அனுப்பி ஊசி போட வைத்தார். மரத்துப்போவது நின்றது. ஒரு வருடம் கழித்து, நுனி வெள்ளையும் அடி கறுப்புமாக ஏழெட்டு முடி பார்த்தேன். அவ்வளவுதான், மற்றதெல்லாம் அப்படியே. அப்பாவுக்கும் 25 வயதிலேயே நரை என்பதை வைத்தியரிடம் கடைசியாகத்தான் சொன்னேன். "இதை முதல்லயே சொல்லக் கூடாதா?" என்று சிரித்தார்.

· · ·

உங்களுக்காவது கறை தலையணையோடு போயிற்று. எனக்கு முகமே வீங்கியது. 'முழுக்க மூலிகை, கறுப்பு மருதாணி' என்று ஒரு பொட்டலம். இருபதே நிமிடத்தில் தலை கன்னங்கரேல். மறுநாள் காலை கண் திறக்கவில்லை, காது மடலெல்லாம் நீர் கோத்த கொப்புளம். தோல் மருத்துவர் பொட்டலத்தைக் கேட்டு வாங்கிப் பின்பக்கத்தை லென்ஸ் வைத்துப் படித்தார். எறும்பு மாதிரி எழுத்தில் பி.பி.டி. என்றிருந்தது. ரசாயனச் சாயத்தில் போடுவதேதான்.

ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள் தோழிகளே, மருதாணி தனியாகக் கறுக்காது, செம்பட்டைதான் ஆகும். இப்போது நான் முதலில் மருதாணி போட்டு அலசிவிட்டு, அதன்மேல் அவுரிப்பொடியை வெதுவெதுப்பான நீரில் குழைத்துப் பூசுகிறேன். பச்சைத் தழை வாசம் அடிக்கும். கழுவினதும் ஒரு மாதிரி பச்சையாக இருந்து வயிற்றைக் கலக்கும். மறுநாள்தான் கறுப்பு இறங்கும். அரை நாள் வேலை. இது சாயம்தான் என்று தெரிந்தே போடுகிறேன், அதனால் ஏமாற்றம் இல்லை. புதுப் பொட்டலம் வாங்கினால் காதுக்குப் பின்னால் துளி தடவி இரண்டு நாள் பார்க்காமல் தலையில் வைப்பதில்லை.

· · ·

நான் நசியம் செய்துகொண்டேன், ஏழு நாள். முகத்தில் எண்ணெய் தடவி ஆவி பிடிக்க வைத்து, தலையைப் பின்னால் சாய்த்து மூக்கில் அணு தைலம் சொட்டு விட்டார்கள். தொண்டைக்கு இறங்குவதை விழுங்காமல் துப்ப வேண்டும், முதல் நாள் பாதியை விழுங்கிவிட்டேன். வருடக்கணக்காக இருந்த காலை மூக்கடைப்பு குறைந்தது. நரையில் ஒன்று கூடக் குறையவில்லை. வைத்தியரிடம் கேட்டதற்கு, "இதைப் பழகினவனுக்கு முடி வெளுக்காதுன்னுதான் சரகர் சொல்றார். வெளுத்தது கறுக்கும்னு எங்க சொன்னார்?" என்றார். பணம் கட்டுவதற்கு முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.

· · ·

என் பையனுக்கு 12 வயது, பின்னந்தலையில் கொத்தாக நரை. எந்த எண்ணெய் நல்லது?

· · ·

அம்மா, முதல் கதை எழுதினவன்தான். எண்ணெய் இருக்கட்டும். ஒரே இடத்தில் கொத்தாக என்றால் அடியில் தோலும் வெளுத்திருக்கிறதா என்று பாருங்கள், வெண்புள்ளியாகவும் இருக்கலாம். தோல் மருத்துவரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள், ரத்தப் பரிசோதனையையும் அவரிடமே கேளுங்கள். அப்புறம், வருகிறவர்கள் முன்னால் அவன் தலையைத் திருப்பிக் காட்டாதீர்கள். எனக்கு வீட்டில் அதைத்தான் செய்தார்கள்.