நம்ம வீடு குழு: நாரத்தங்காயும் ஆரஞ்சும்

அத்தை: (படம்) நாரத்தங்காயைச் சுருள் சுருளாக நறுக்கி, உப்பு அடைத்து, வெயிலில் வைத்துவிட்டேன். யாருக்கெல்லாம் வேண்டும்?

நான்: எனக்கு ஒரு பாட்டில் அத்தை. ஆரஞ்சு என்கிற ஆங்கிலச் சொல்லும் நம் நாரத்தையும் ஒரே குடும்பம், தெரியுமா?

யாழினி: ஆரஞ்சில் ‘நா’ எங்கே அண்ணா?

நான்: வழியில் உதிர்ந்துவிட்டது. வடமொழியில் நாரங்கம். அது திராவிட மொழியிலிருந்து போனது என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. மலையாளத்தில் இன்றும் நாரங்ங. பாரசீகத்தில் நாரங், அரபியில் நாரஞ்ச். அரபு வழியாக ஸ்பெயினுக்குப் போய் நரான்ஹா ஆனது. அதுவரை ‘ந’ பத்திரமாக இருந்தது.

நான்: இத்தாலியிலும் பிரான்சிலும்தான் தொலைந்தது. அங்கே ‘ஒரு’ என்பதற்கு ‘உன்’, ‘ஊனா’ என்பார்கள். ‘ஊனா நராஞ்சா’ என்று வேகமாகச் சொல்லிப் பார், பழத்தின் ‘ந’ முன்சொல்லோடு ஒட்டிக்கொள்ளும்.

மாமா: ஆங்கிலேயர்கள் விட்டதாக அல்லவா கேள்விப்பட்டேன்?

நான்: இல்லை மாமா, அவர்கள் கைக்கு வரும்போதே ‘ந’ கிடையாது. அவர்கள் விட்டது ஏப்ரனில். அது முன்பு நேப்ரன். ‘எ நேப்ரன்’ என்பது ‘அன் ஏப்ரன்’ ஆகிவிட்டது. அதன் உறவுச்சொல் நேப்கினில் ‘ந’ இன்னும் இருக்கிறது, பாருங்கள்.

சித்தப்பா மஸ்கட்: இங்கே ஜூஸ் டப்பாவில் புர்துகால் என்று போட்டிருக்கிறதே?

நான்: எனக்கு ரொம்பப் பிடித்த இடமே அதுதான் சித்தப்பா! ஐரோப்பாவுக்கு முதலில் போனது கசப்பு ஆரஞ்சு. இனிப்புப் பழத்தைப் பிற்பாடு போர்ச்சுக்கீசியர் பரப்பினார்கள். அதனால் அதற்கு அவர்கள் நாட்டின் பெயரே நின்றுவிட்டது. கிரேக்கத்திலும் போர்த்தோகாலி. நாரஞ்ச் என்றால் அரபியில் இன்றும் கசப்புப் பழம்தான்.

யாழினி: நிறத்துக்கு எப்போது அந்தப் பெயர் வந்தது?

நான்: 16ஆம் நூற்றாண்டில்தான். பழம் முந்தி, நிறம் பிந்தி. அதற்குமுன் மஞ்சள்சிவப்பு என்பார்கள். ராபின் பறவையின் நெஞ்சு நல்ல ஆரஞ்சு, ஆனாலும் ஆங்கிலத்தில் அதற்குச் ‘செந்நெஞ்சு’ என்றுதான் பெயர். அந்தப் பெயரை வைத்த காலத்தில் ஆரஞ்சு என்று ஒரு நிறமே மொழியில் இல்லை.

அத்தை: அப்படியென்றால் இவ்வளவு தூரம் போனது நம் கசப்புக்காயின் பெயர்தானா! கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. தம்பி, மஸ்கட்டுக்கு இரண்டு பாட்டில் தனியாக எடுத்துவைக்கவா?

சித்தப்பா மஸ்கட்: மூன்றாக வையுங்கள் அக்கா. பக்கத்து அறை அரபு நண்பருக்கும் ஒன்று, நாரஞ்ச் என்று சொல்லிக் கொடுக்கிறேன்.