அம்பத்தூர்ல இருந்து புனே சாகனுக்கு 6 டன் விஎம்சி அனுப்பணும், யார்கிட்ட குடுக்கறது?

அம்பத்தூர்_ஜாப்வொர்க்:
வணக்கம் அண்ணாங்களா. எஸ்டேட்ல சின்ன யூனிட் நம்மளது. பழைய விஎம்சி (இரும்பைச் செதுக்கற கம்ப்யூட்டர் மெஷின்) ஒண்ணு சாகன் பார்ட்டிக்கு வித்தாச்சு, அவர் ஷெட்ல இறக்கிக் குடுக்கற வரைக்கும் நம்ம பொறுப்பு. மாதவரத்துல ஒரு புரோக்கர் ரொம்ப கம்மி வாடகை சொல்றாரு, ஆனா முழுப் பணமும் முன்னாடியே வேணுமாம், எந்த வண்டின்னு கேட்டா அப்புறம் சொல்றேங்கறாரு. இன்னொருத்தர் சொந்த டிரெய்லர்காரர், ரேட் ஜாஸ்தி. அப்பா கடன் வாங்கிப் போட்ட மெஷின், மனசு கிடந்து அடிச்சுக்குது.

டூல்ரூம்_கிண்டி:
தம்பி, வண்டி நம்பர் சொல்லாத ஆள்கிட்ட குடுக்காதீங்க. அந்த மாதிரி ஒருத்தர்கிட்ட குடுத்து நான் பட்டிருக்கேன். பாதி வழில வேற லாரிக்கு மாத்திட்டாங்க, எனக்கு யாரும் சொல்லல, அங்க கிரேன்காரன் பெல்ட்டை பேஸ்ல போடாம டேபிள்ல போட்டுத் தூக்கிட்டான், போய்ச் சேர்ந்தப்ப டேபிள் ஒரு பக்கம் இழுத்துக்கிட்டு நின்னுச்சு, டேபிள் ஓடற எல்எம் ரெயில்ல கோடு விழுந்திருந்துச்சு. ரெண்டு மாசம் மெஷின் ஓடல.

அதனால ஏத்தறதுக்கு முன்னாடி டேபிள் மேல மரக்கட்டை வச்சு ஸ்பிண்டில் ஹெட்டை மெதுவா அதுமேல இறக்கி உக்கார வைங்க, கம்பெனில வந்த டிரான்ஸ்போர்ட் பிராக்கெட் இருந்தா அதையும் மாட்டிடுங்க. கூலன்ட் முழுசா வடிச்சுடுங்க, ரெயில்ல துருப் பிடிக்காத ஆயில் தடவுங்க. கன்ட்ரோல்ல பாராமீட்டர் பேக்கப் எடுக்க மறந்துடாதீங்க, பேட்டரி இறங்கிட்டா எல்லாம் அழிஞ்சிடும். பெல்ட் எங்க போடணும்னு மேனுவல்ல படம் இருக்கும், அதை ஹைட்ரா கிரேன் டிரைவர்கிட்ட காட்டிட்டு நீங்களும் கூடவே நில்லுங்க. இறக்குற கிரேன் யார் செலவுன்னு இப்பவே எழுதி வாங்கிக்கங்க, அங்கதான் சண்டை வரும்.

லாரி_ஆபீஸ்:
எல்ஆர்ல, அதாவது லாரி ரசீதுல, "ஓனர்ஸ் ரிஸ்க்"னு (சேதம் ஆனா சரக்குக்காரர் பொறுப்புன்னு) அச்சடிச்சிருந்தா அடிச்சுட்டு, மெஷின் மதிப்பை எழுதச் சொல்லுங்க. மதிப்பு எழுதலன்னா 2007 கேரேஜ் பை ரோடு சட்டப்படி டிரான்ஸ்போர்ட்டர் பொறுப்பு வாடகையோட 10 மடங்கோட நின்னுடும், உங்க மெஷினுக்கு அது எங்க பத்தும்? லாரிக்கு இன்சூரன்ஸ் இருக்குன்னு சொல்லுவாங்க, அது சரக்குக்கு இல்ல, டிரான்ஸிட் பாலிசி தனியா போடணும், பழைய மெஷின்னு முதல்லயே சொல்லிப் போடுங்க. ஏதாவது சேதம்னா புக் பண்ண தேதில இருந்து 180 நாளுக்குள்ள எழுத்துல நோட்டீஸ் குடுத்துடணும்.

ஈவே பில்லுக்கு (சரக்கு போறப்ப கூட இருக்க வேண்டிய ஜிஎஸ்டி சீட்டு) 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கணக்கு, சாகன் சுமார் 1,200 கிலோமீட்டர், 6 நாள் கிடைக்கும். வண்டி மாறினா அந்த பில்லோட பார்ட் பி-ல புது வண்டி நம்பர் போட்டே ஆகணும், அதனாலதான் முதல்லயே நம்பர் கேளுங்கன்னு அண்ணன் சொல்றாரு.

பூந்தமல்லி_டிரெய்லர்:
உயரத்தை பேலட்டோட அளந்து சொல்லுங்க. மேல இருக்கற மோட்டாரையும் சேர்த்து. சாதா டிரெய்லரா, தளம் தாழ்வா இருக்கற லோபெட்டான்னு அதுலதான் தெரியும்.

அம்பத்தூர்_ஜாப்வொர்க்:
ரொம்ப நன்றி அண்ணா. புரோக்கருக்கு வேணாம்னு சொல்லிட்டேன். அந்த டிரெய்லர்காரரே இன்னைக்குக் காலைல டேப் எடுத்துட்டு நேர்ல வந்தாரு, நேம்பிளேட்ட போட்டோ எடுத்தாரு, தரைல படுத்து ஃபவுண்டேஷன் போல்ட் பார்த்தாரு, மேல மோட்டார் கவரைக் கழட்டினா லோபெட் வேணாம்னு சொன்னாரு. வியாழக்கிழமை ஏத்தறோம். மரக்கட்டை மட்டும் கிடைக்கல, பழைய தேக்கு ரீப்பர் வச்சா ஸ்பிண்டில் வெயிட் தாங்குமா?

டூல்ரூம்_கிண்டி:
ரீப்பர் வேணாம் தம்பி, பிளந்துடும். நாலுக்கு நாலு கட்டை என் ஷெட்ல ரெண்டு கிடக்கு, சாயந்தரம் வந்து எடுத்துட்டுப் போங்க.