சுங்கை சிப்புட்டுக்குப் புதுசு: கேக்குக்கு எந்தச் சீனி வாங்குறது?

கேள்வி: அக்கா, திருச்சியிலிருந்து வந்து மலேசியாவுல, இந்த சுங்கை சிப்புட்ல குடியேறியிருக்கோம். ஊர்ல செஞ்ச அதே வெண்ணெய் கேக் இங்க செஞ்சா மேல புள்ளி புள்ளியா வருது, கடிச்சா நறநறன்னு இருக்கு. ஓவன் சரியில்லையா? கடையில சீனியே ஏகப்பட்ட வகை இருக்கே!

பதில்: ஓவன் மேல பழி போடாதீங்க தங்கச்சி. சீனியோட மணிதான் காரணம். மளிகைக் கடையில முன்னாடியே அடுக்கி வச்சிருக்கிற ஒரு கிலோ பாக்கெட், 'கூலா பாசிர் காசார்'னு போட்டிருக்கும் (மலாய்ல 'கூலா'ன்னா சீனி), மணி பெருசு. கட்டுப்பாட்டு விலைச் சரக்கு, 2018-ல கிலோ 2 ரிங்கிட் 85 சென்னு ஆக்கினாங்க. டீக்கும் பாயசத்துக்கும் அது தாராளம். வெண்ணெய் கேக்குக்கு வேண்டாம்.

வெண்ணெயும் சீனியும் அடிக்கிறப்ப, மணியோட முனை வெண்ணெயைக் கீறிக் காத்தை உள்ள இழுக்குது. அந்தக் குமிழிதான் சூட்டுல விரிஞ்சு கேக்கைத் தூக்கும். மணி பெருசானா குமிழி குறையும், கரையாம மேல வந்து புள்ளியா நிக்கும். ரொம்ப மாவா இருந்தாலும் கீறாது. அதனால மணி சின்னதா இருக்கிற 'கூலா காஸ்டர்' கேட்டு வாங்குங்க. கிடைக்கலன்னா காசாரையே மிக்ஸியில விட்டு விட்டு ஓட்டுங்க; மூடியத் திறந்ததும் புகையா கிளம்பினா அளவு மீறிப் போச்சுன்னு அர்த்தம். அடிச்ச வெண்ணெயை விரல்ல தேய்ச்சுப் பாருங்க, லேசா நெருடலாம், கல்லு கல்லா தட்டுப்படக் கூடாது.

நம்ம ஊர்க் குறிப்புல வர்ற 'பொடிச்ச சர்க்கரை'யும் இங்க விக்கிற ஐசிங் சீனியும் ஒண்ணில்ல. கட்டி பிடிக்காம இருக்க ஐசிங்ல சோள மாவு சேர்ப்பாங்க. தீபாவளிக்கு இங்க வீட்டுக்கு வீடு சுடுற நெய் பிஸ்கட்டுக்கு அதுதான் பொருத்தம். கப்புக்குக் கப் மாத்திடாதீங்க, ஒரு கப் சீனி 200 கிராம், ஐசிங் 120 கிராம்தான் நிக்கும். ஒரு தராசு வாங்கிடுங்க, அதுக்கு அழுற காசு வீணாகாது.

பழுப்புச் சீனி, 'கூலா பேராங்': பெரும்பாலும் வெள்ளைச் சீனியோட மொலாசஸ், அதாவது சீனி எடுத்த பிறகு மிஞ்சுற கரும்பாகு, கலந்ததுதான். ஈரத்தைப் பிடிச்சு வைக்கும், குக்கீஸ் மெத்துன்னு வரும். நாட்டுச் சர்க்கரை கொண்டு வந்திருந்தா அதையே சலிச்சுப் போடலாம். காத்துப் புகாத டப்பாவுல வைங்க. திறந்து போட்டா பாறையாகும், எறும்பு வேற.

இப்ப கூலா மெலாகா. இதை விட்டுட்டு இந்த ஊர்ல கேக் செஞ்சு என்ன புண்ணியம்? தென்னம்பாளையில இறக்கின பதநீரைக் காய்ச்சி மூங்கில் குழாயில ஊத்தி உறைய வைக்கிற வழக்கம், அதான் உருளையா இருக்கு. கருப்பட்டிக்குப் பழகின நாக்குக்கு உடனே பிடிச்சுப் போகும். கத்தியால சீவினா உதிரணும். சுத்தியல் கேக்குதுன்னா வெள்ளைச் சீனி கலந்திருக்கும்னு நான் தொடவே மாட்டேன். சீவினதுல கொஞ்சம் தண்ணி விட்டு, வாசனைக்கு ஒரு பாண்டான் இலையை முடிச்சுப் போட்டு, சிறு தீயில கரைச்சு வடிகட்டுங்க. வடிகட்டியில நிக்கிற தூசியைப் பார்த்தா ஏன் சொன்னேன்னு புரியும். ஆறின பாகை, வெண்ணெய்க்குப் பதிலா எண்ணெய் விட்டுச் செய்ற சிஃபான் கேக்ல சேருங்க, அந்த அளவுக்குத் தேங்காய்ப்பாலைக் குறைச்சுடுங்க. வெண்ணெயோட அடிக்கப் பாகு உதவாது.

கேள்வி: வீட்டுக்காரருக்கு சுகர் இருக்கு அக்கா. சீனியைப் பாதியாக்கலாமா? கூலா மெலாகா போட்டா பரவாயில்லைன்னு பக்கத்து வீட்ல சொல்றாங்க.

பதில்: பாதி குறைச்சா கேக் வறண்டு வெளுத்துப் போகும். ஈரமும் மேல் நிறமும் சீனியாலதான். கால் பங்கு குறைச்சுப் பாருங்க. கூலா மெலாகாவும் பெரும்பகுதி வெள்ளைச் சீனியில இருக்கிற அதே சுக்ரோஸ்தான்மா, பக்கத்து வீட்டுப் பேச்சை நம்பி அவருக்கு ரெண்டு துண்டு வச்சுடாதீங்க.